கம்பளிப்பூச்சி என்று எழுதிக் கொடுத்தவன் பேசுகிறேன்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் வைத்தியலிங்கம் அவர்களே! காலில் சக்கரம் கட்டிக்கொண்டு இந்த விழாவுக்காகக் காரைக்கால் முழுவதும் சுற்றிவந்த மன்றச் செயலாளர் கோவிந்தராசு அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து முகமலர்ச்சியோடு நோக்கும் முதுபெரும் பெரியோர்களே! வீட்டு வேலையை விரைந்து முடித்துவிட்டு வெயில் தாழ்வதற்குள் வந்து சேர்ந்திருக்கும் வணக்கத்திற்குரிய தாய்மார்களே! தருமபுரத்திலிருந்து நடந்தும், வரிச்சிக்குடியிலிருந்து பேருந்தில் நின்றும் வந்திருக்கும் பெருமக்களே! காலிக் கூடையை இடுப்பில் வைத்தபடி, 'என்னதான் பேசுறாங்க, கேட்டுட்டுப் போவோம்' என்று பந்தலோரம் நிற்கிற கோட்டுச்சேரிமேட்டுச் சகோதரிகளே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தெட்சிணாமூர்த்தியின் பணிவான வணக்கம்.

உரக்கப் பேச வேண்டுமா? பேசுகிறேன். எழுபத்தோரு வயதில் இதுதான் எனக்கு இரண்டாவது மேடை. முதல் மேடையில் வரவேற்புரையைப் பாதியில் மறந்து நன்றியுரைக்குத் தாவிவிட்டேன். ஆகையால் இந்த முறை எட்டுச் சீட்டுகளில் எழுதி, எண் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். மூன்றாம் சீட்டுக்குப் பிறகு ஐந்தாம் சீட்டைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

என்னைப் பற்றிச் செயலாளர் அவர்கள் சற்றுமுன் சொன்னவற்றைக் கேட்டு நான் தலைகுனிந்திருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். அச்சம், ஐயா, அச்சம்! 'பூச்செடி அறிஞர்' என்றார். 'தெருவைக் காத்த பெரியவர்' என்றார். நான் என்ன அறிஞன்? பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிரெவே பரீட்சை தேறி, தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் இலையைக் காயவைத்துக் காகிதத்தில் ஒட்டி, அடியில் பெயர் எழுதியவன். நான் எந்தத் தெருவைக் காத்தேன்?

இன்று எனக்கு இரண்டு கடமைகள். இந்தப் பட்டாம்பூச்சித் தோட்டத்தில் என்னென்ன செடி வைக்கலாம், எப்படி வளர்க்கலாம் என்று சொல்வது ஒன்று. அது மன்றத்தார் இட்ட பணி. இன்னொன்றை இந்தப் பந்தலில் எவரும் என்னைக் கேட்கவில்லை. நான் கோழை, கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் சொல்லாமலே இறங்கிவிடுவேன். எனவே தலைப்பையாவது இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன், இந்த வடக்குக் குறுக்குத்தெருவில், மாலுமி நூகு அவர்களின் மனைவி ஜொஹரா அம்மையாருக்கு நான் ஒரு தீங்கு செய்தேன். அன்று நாலு பேர் முன்னால் செய்தது. இன்று நாலு பேர் முன்னால் அதைத் திருத்தாமல் நான் இறங்கக் கூடாது. இறங்கப் பார்த்தால், தலைவர் அவர்களே, என் துண்டைப் பிடித்து இழுத்து உட்கார வையுங்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கும் கொஞ்சம் தைரியம் வரட்டும்.

முதலில் செடிகள். பட்டாம்பூச்சிக்குப் பூச்செடி தேர்ந்தெடுப்பது எப்படி? நம் கண்ணுக்கு எது அழகு என்று பார்ப்பதா? அதன் நாக்குக்கு எது எட்டும் என்று பார்ப்பதா? பட்டாம்பூச்சிக்குக் கடிக்கும் வாய் கிடையாது. கடிகாரத்து வில்லைப்போல் சுருண்ட ஓர் உறிஞ்சுகுழல், அவ்வளவுதான். அந்தக் குழலுக்கு ஏற்ற பூ எது? வெட்சியைப் பாருங்கள், நாம் இட்லிப்பூ என்கிறோமே, அதே வெட்சி. நீண்ட மெல்லிய குழல். குழலின் அடியில் தேன். கொத்தாகப் பூப்பதால் காலூன்றி உட்கார ஒரு மேடை. குழல், கொத்து, தேன். மூன்றும் இருந்தால் அது பட்டாம்பூச்சிப் பூ. இட்லிப்பூவின் அடியை உறிஞ்சிப் பார்க்காத பிள்ளை இந்த ஊரில் உண்டா? அந்த இனிப்புதான் அடையாளம். ஆனால் தாய்மார்களே, இட்லிப்பூவை மட்டும்தான் சொன்னேன். அரளியை வாயில் வைத்துவிட்டு, 'ஐயா மேடையில் சொன்னார்' என்று என்மேல் பழி போடாதீர்கள்.

அடுக்குப் பூவைக் கண்டு மயங்காதீர்கள். ஒற்றை இதழ்ச் செம்பருத்தியில் தேன் உண்டு, வழி உண்டு. அடுக்குச் செம்பருத்தி வாசலை அடைத்துக் கோலம் போட்ட வீடு. பார்த்து மகிழலாம், உள்ளே போக முடியாது. உண்ணிச்செடி நல்ல தேன்செடி, ஆனால் பொல்லாதது. காய் கறுக்கும் முன்னே கொத்தை வெட்டிவிடுங்கள். விட்டால் குருவி தின்று ஊரெல்லாம் விதைத்துவிடும்.

நம் மண் மணல் மண். நம் காற்று உப்புக் காற்று. எனவே கிழக்கே நொச்சியை நெருக்கமாக வேலி வையுங்கள். காற்றையும் தடுக்கும், நீலப் பூவில் தேனும் தரும். செடிக்குக் காலை முதல் உச்சிவரை வெயில் விழ வேண்டும். நிழலில் பட்டாம்பூச்சி பறக்காது. அதன் சிறகுக்கு வெயில்தான் விறகு. கிளையை வெட்டிப் போத்தாக நடுவதானால் சுண்டுவிரல் கனம், மூன்று கணு, அடியில் சாய்வெட்டு. இரண்டு கணு மண்ணுக்குள். குழிக்கு ஒரு கூடை மக்கிய குப்பை. ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடிக்க வேண்டுமானால் ஆடியில் நடுங்கள்; தவறினால் மழை ஓய்ந்து தையில் நடுங்கள். ஓரமாக ஒரு மண்தட்டில் மணலை ஈரமாக வையுங்கள். பூச்சிகள் வந்து உப்பு உறிஞ்சும். அப்புறம் பி.எச்.சி. என்கிற பூச்சிக்கொல்லிப் பொடி. அந்த வெள்ளைப் பொடியை இந்தத் தோட்டத்தின் வாசலுக்கு உள்ளே கொண்டுவரவே கூடாது.

என்ன கேட்கிறீர்கள்? பின்னால் யாரோ கேட்கிறார். 'மூணு மாசமா வச்சுப் பாக்குறோம், வருது, குடிக்குது, போயிடுது. ஏன் ஐயா தங்கல?'

நல்ல கேள்வி. நியாயமான கேள்வி. நானும் இதையேதான் கேட்டேன். புரட்டாசியில் இந்தக் காலி மனையைத் திருத்தி, நான் எழுதிக் கொடுத்த பட்டியல்படி வெட்சியும் உண்ணியும் செம்பருத்தியும் வைத்தோம். மழை விட்டதும் பூத்தது. பூச்சிகள் வந்தன. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குறிப்பேட்டில் எழுதினேன். இத்தனை மணிக்கு இன்ன பூச்சி, இன்ன பூவில், இவ்வளவு நேரம். நாற்பது நாள் எழுதினேன். நாற்பது நாளில் ஒரு முட்டை இல்லை. ஒரு புழு இல்லை. ஒரு கூடு இல்லை. சாயங்காலம் நாலரைக்கு எல்லாம் புறப்பட்டுப் போய்விடும், அலுவலகம் விட்டதுபோல.

இதற்கு விடை தெரிந்தவர் இந்த ஊரில் ஒருவர்தான். அவர் தாவரவியல் படித்தவர் அல்லர். அவர் வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு ஆறு ஆண்டுகளாகக் கை எழவில்லை.

அவையோரே, இதே தெருவில் மூன்றாம் வீடு ஜொஹரா அம்மையாருடையது. நூகு அவர்கள் கப்பலில் வேலை பார்த்தவர். துறைமுகத்துக்குத் துறைமுகம் மற்றவர்கள் துணி வாங்கினால், இவர் ஈரச்சாக்கில் சுற்றி ஒரு வேர்க்கன்றைக் கொண்டுவருவார். பினாங்கிலிருந்து ஒரு செடி வந்தது. சிவந்த பூ, அடுக்கடுக்காகக் குறுகி மேலே கூம்பும். அம்மையார் அதற்குக் 'கோபுரப்பூ' என்று பெயர் வைத்தார். ஒருநாள் சுவரோரம் வந்து ஒரு கொத்தை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, இதுக்கு என்ன பேருன்னு பொஸ்தகம் பாத்துச் சொல்லுங்களேன்."

நான் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். இலையடுக்கைப் பார்த்தேன், மகரந்தக் காம்பை எண்ணினேன், இரண்டு பிரெஞ்சு நூல்களைப் புரட்டினேன். பன்னிரண்டாம் நாள் லத்தீன் பெயரைச் சுத்தமாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இவ்வளவு நீளமா? பேரு தெரியாமலே பூத்துக்கிட்டிருந்துச்சு, பாவம். இனிமே பயந்துக்கப் போவுது."

அந்தக் கொல்லையில் என்ன இல்லை? நாரத்தை இருந்தது, கறிவேப்பிலை இருந்தது, அரளி இருந்தது, ஆவாரை இருந்தது, சீமை அகத்தி இருந்தது. வேலியோரம் எருக்கும் இருந்தது. எருக்கு முளைத்த வீடு விளங்காது என்று நாம் சொல்வோம். அவர் அதைப் பிடுங்கவில்லை. அரளியில் கருநிறப் பூச்சியின் கூடு தொங்கும். வெள்ளியை உருக்கி வார்த்ததுபோல் மின்னும். அதைக் காட்டி, "பாருங்கண்ணே, அரளி அலுக்கத்துப் போட்டிருக்கு" என்பார். அலுக்கத்து அவர்கள் காதில் அணிகிற நகை. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு எனக்கு அந்தக் கூட்டுக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை.

எழுபத்தைந்தில் நூகு அவர்கள் கடலிலேயே இறந்துபோனார். உடல் வரவில்லை. அவர் கையால் கொண்டுவந்த செடிகள் மட்டும் இருந்தன. பிள்ளையில்லாத வீடு. செடிகளோடு அந்த அம்மையார் இருந்தார்.

எழுபத்தொன்பது ஐப்பசி. பத்து நாள் அடைமழை பெய்து வெளுத்திருந்தது. எனக்கு அடுத்த வீட்டு அஞ்சுகம் அம்மாவின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. அஞ்சுகம் அம்மா இங்கே தாய்மார்கள் வரிசையில்தான் இருக்கிறார். நேற்றே அவரிடம் போய், எல்லாவற்றையும் சொல்லி, 'மேடையில் உங்கள் பெயரைச் சொல்லலாமா?' என்று கேட்டேன். 'சொல்லுங்க, நான் பேசுனதையும் சேத்துச் சொல்லுங்க' என்றார். சொல்கிறேன் அம்மா.

குழந்தை இரவும் பகலும் வீறிட்டு அழுதது. மருத்துவர், 'கம்பளிப்பூச்சி பட்டிருக்கிறது, பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது, பாருங்கள்' என்றார். எங்கே இருக்கிறது? யார் வீட்டில் புழு அதிகம்? தெருவுக்கே தெரியுமே! எல்லோரும் ஜொஹரா அம்மையார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இருபது பேர் இருக்கும். முன்னால் அஞ்சுகம் அம்மா, தோளில் குழந்தை.

"ஏங்க, நீங்க பூச்சி வளக்குறதுக்கு எம்புள்ளதான் கெடச்சானா?"

"அஞ்சுகம், என் செடியில இருக்கறது கொட்டாது. வா, வந்து பாரு. நானே கையில எடுத்துக் காட்டுறேன்."

"எடுப்பீங்க, எடுப்பீங்க. புள்ளன்னு ஒண்ணப் பெத்து வளத்திருந்தால்ல அரும தெரியும்!"

அழுகிற குழந்தையைச் சுமக்கிற தாயின் வாயில் வந்த சொல் அது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே குழந்தையைச் சுமக்காமல் வெறுங்கையோடு நின்ற ஒருவன் இருந்தான். அவன் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அவன் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஐயா பொறத்தியார் இல்ல, படிச்சவரு. ஐயா பாத்துச் சொல்லட்டும்" என்றார்கள். உள்ளே போனேன். பார்த்தேன். நாரத்தை இலையில் குருவி எச்சம்போல் சில, பச்சைப் பசேலென்று சில. தொட்டால் சிவந்த கொம்பை நீட்டி ஒரு வாடை வீசுமே, அந்த வழவழப்பான புழுக்கள். அரளியிலும் மயிர் இல்லாத புழுக்கள். ஒன்றுகூட, அவையோரே, ஒன்றுகூட மயிருள்ளது இல்லை. நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது.

வெளியே வந்தேன். "இருக்கா, இல்லையா?" என்றார்கள்.

"புழு இருக்கிறது. ஆனால்..."

"கம்பளிப்பூச்சிதானே?"

இங்கேதான் நான் விழுந்தேன். நம் ஊர்ப் பேச்சில் இலையில் ஊர்வதெல்லாம் கம்பளிப்பூச்சி. மயிர் இருந்தாலும் கம்பளிப்பூச்சி, மொழுமொழுவென்று இருந்தாலும் கம்பளிப்பூச்சி. பிரெஞ்சிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். எனவே தமிழின்மேல் பழி போட்டுத் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. ஊர்ப் பேச்சின்படி, 'ஆமாம், கம்பளிப்பூச்சிதான்' என்றேன். அடுத்த வாக்கியத்தில் விளக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த வாக்கியத்துக்கு எவர் காத்திருந்தார்? கையில் காகிதம் வந்தது. பேனா வந்தது. குழந்தை அழுதது. எழுதினேன். மன்றத்துக் கோப்பில் இருந்ததைச் செயலாளரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். இதோ, இரண்டே வரி.

'மேற்படி வீட்டுக் கொல்லையிலுள்ள செடிகளில் கம்பளிப்பூச்சிகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. தெருவின் நலன் கருதி அச்செடிகளை அகற்றுதல் நன்று.'

பேச்சில் பாதி உண்மையாக இருந்த சொல், எழுத்தில் முழுப் பொய்யாகிவிட்டது. முப்பது ஆண்டுகள் ஒவ்வோர் இலைக்கும் உரிய பெயரைத் தேடி எழுதிய கை இது. ஒரு பூவின் பெயருக்குப் பதினோரு நாள் எடுத்துக்கொண்ட கை இது. ஒரு புழுவின் பெயரைப் பதினோரு நொடியில் எழுதிவிட்டது!

மரம் வெட்டும் மருதையன் வந்தார். நாரத்தை போயிற்று, அரளி போயிற்று, ஆவாரை போயிற்று. கோபுரப்பூவுக்கு முன்னால் ஜொஹரா அம்மையார் வந்து நின்றார். "இது மச்சான் கொண்டாந்தது. இதுல பூச்சி இல்ல. பூ மட்டுந்தான்" என்றார். மச்சான் என்றது நூகு அவர்களை. மருதையன் என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. 'அதை விடு' என்று ஒரு தலையசைப்பு. நான் தரையைப் பார்த்தேன். "எழுத்துல செடிகளைன்னுதானே இருக்கு, இத மட்டும் விடச் சொல்லலியே" என்றார் யாரோ. வேரோடு போயிற்று. அதன் கன்று இந்தக் காரைக்காலில் வேறெங்கும் இல்லை. என் குறிப்பேட்டில் காய்ந்த கொத்து ஒன்று இருக்கிறது, லத்தீன் பெயரோடு. எந்தப் பட்டாம்பூச்சி அதில் வந்து தேன் குடிக்கும்?

செடிகள் போயின. குழந்தையின் தடிப்பு போயிற்றா? போகவில்லை. ஐந்து நாள் கழித்தும் அழுகை. ஆறாம் நாள் சாயங்காலம் என் கொல்லைக்குத் தேங்காய் பறிக்க மருதையன் வந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, இங்க வாங்க. முருங்கையப் பாருங்க. கித்தான் சாக்க ஒட்டுனாப்ல இருக்கே, அது என்ன?"

பார்த்தேன். அடிமரத்தில், முழங்காலிலிருந்து மார்பு உயரம்வரை, மயிரடர்ந்த கம்பளிப்பூச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, பின்னிய பாயைப்போல் படிந்திருந்தன. அந்த முருங்கையின் கிளை சுவரைத் தாண்டிப் போகிறது. கிளைக்கு நேர் கீழே அஞ்சுகம் அம்மாவின் கொடி. கொடியில் குழந்தையின் துணி.

அது என் வீட்டு மரம். நான் வைத்த மரம். நான் அன்றாடம் கீரை பறித்த மரம்.

"ஐயா, அப்ப அந்த அம்மா கொல்லையில வெட்டுனது..." என்று மருதையன் தொடங்கினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மெல்லப் பேசு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கந்தல் சுற்றிப் பந்தம் கொளுத்தி, அவரும் நானும் அந்த மரத்தைப் பொசுக்கினோம். இரண்டு நாளில் குழந்தை தேறியது. தெரு என்ன சொன்னது? 'ஐயா எழுதிக் கொடுத்தார், செடியை வெட்டினோம், பிள்ளை பிழைத்தது!' அடுத்த பொங்கல் விழாவில் இதே மன்றம் எனக்குத் துண்டு போர்த்தியது. நான் அதைப் போர்த்திக்கொண்டேன். கழற்றி எறியவில்லை, கனக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த மூன்றாம் வீட்டுக்குப் 'பூச்சி வீடு' என்று பெயர் வந்தது. மிட்டாய் வாங்கப் போகிற பிள்ளைகள் அந்த வாசலை ஓடிக் கடந்தார்கள். நோன்புக் கஞ்சி வாங்கப் போன பெண்கள் போவதை நிறுத்தினார்கள். ஒரு மனிதருக்கு வீட்டுக்குள்ளேயே ஊர் விலக்கு. மருதையன் இரண்டு முறை என்னிடம் வந்தார். "சொல்லிருவோம் ஐயா, எனக்கு மனசு கேக்கல" என்றார். 'பார்ப்போம்' என்றேன். எண்பத்திரண்டில் அவர் மறைந்தார். அவர் நெஞ்சிலும் அந்தச் சுமையை ஏற்றி அனுப்பியவன் நான்.

இனி, போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நாற்பது நாள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டினேன். அம்மையார் திறந்தார். "வாங்கண்ணே" என்றார். ஆறு ஆண்டுகள் நடுவில் இல்லாததுபோல் 'வாங்கண்ணே' என்றார். கொல்லைப்பக்கம் என் கண் போயிற்று. சிமெண்டுத் தரை. துணி துவைக்கிற கல். வேறொன்றுமில்லை.

குறிப்பேட்டைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நீங்க விருந்தாளிக்குச் சோறு போடுறீங்க. புள்ளத்தாச்சிக்கு எடம் குடுக்கலயே. பின்ன எப்படித் தங்கும்?"

கேட்டவரே, உங்கள் கேள்விக்கு விடை இதுதான். தேன் குடிக்க ஒரு செடி. முட்டையிட வேறொரு செடி. பூவுக்காக வைப்பது ஒன்று, புழு தின்பதற்கென்றே வைப்பது இன்னொன்று. நாரத்தையும் கறிவேப்பிலையும் கறுப்பும் வெள்ளையுமான பெரிய பூச்சிக்கு. அரளி கருநிறப் பூச்சிக்கு. ஆவாரையும் சீமை அகத்தியும் வெளிர்மஞ்சள் பூச்சிக்கு. எருக்கு செம்மஞ்சள் பூச்சிக்கு. இலை ஓட்டையாகும், ஆகட்டும். கிளை மொட்டையாகும், ஆகட்டும். இலை ஓட்டையாகாத தோட்டத்தில் பட்டாம்பூச்சி பிறக்காது. அந்தச் செடிகளை நான் என் பட்டியலில் ஏன் எழுதவில்லை? எழுதினால், 'இவை எங்கே இருந்தன?' என்று நானே நினைக்க வேண்டுமே! என் கை அவற்றைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது.

அங்கேயே, அந்தக் கூடத்திலேயே, முருங்கையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அம்மையார் குறிப்பேட்டை மூடினார்.

"முருங்கைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. உங்க வூட்டுச் செவுத்துக்கு மேல பந்தத்துப் பொகை வந்துச்சே. மயிரு கருகுற வாடை வேற."

"தெரிந்துமா நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை?"

"நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

ஆறு ஆண்டுகள்! 'நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்.' என்னை நானே நம்பாத காலமெல்லாம் என்னை ஒருவர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்னை மன்னித்துவிடுங்கள் அம்மா" என்றேன்.

"அன்னைக்கு அத்தன பேரு முன்னால சொன்னீங்க. இன்னிக்கு என் கூடத்துல குந்திக் காதோட சொல்றீங்க. காதுல சொன்னது காதோட போயிடும்ணே. நீங்க எப்ப வெளியில சொல்றீங்களோ, அப்ப நான் கேட்டுக்கிறேன். விழாவுக்கு நான் வரல. கொழா ரேடியோ கட்டுவீங்கல்ல? வூட்டுலேர்ந்தே கேக்கும்."

தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

ஒலிபெருக்கிக்காரர் முத்தையன் எங்கே? தம்பி, அந்த மேற்குக் கம்பத்துக் குழாயைக் கொஞ்சம் மூன்றாம் வீட்டுப் பக்கம் திருப்புங்கள். இன்னும் கொஞ்சம். போதும், போதும். எல்லோரும் சற்றுப் பேசாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எட்டாம் சீட்டைப் படிக்கிறேன்.

'வடக்குக் குறுக்குத்தெரு நல மன்றத்தாருக்கும் தெருவாருக்கும். 1979ஆம் ஆண்டு ஐப்பசியில் நான் எழுதிக் கொடுத்த குறிப்பு தவறானது. அதைத் திரும்பப் பெறுகிறேன். ஜொஹரா அம்மையாரின் கொல்லைச் செடிகளில் இருந்தவை பட்டாம்பூச்சிப் புழுக்கள். அவற்றால் எவருக்கும் தீங்கு இல்லை. அஞ்சுகம் அம்மாவின் குழந்தைக்குத் தடிப்பை உண்டாக்கியவை என் வீட்டு முருங்கையில் இருந்த கம்பளிப்பூச்சிகள். இது ஆறாம் நாளே எனக்குத் தெரியும். தெரிந்தும் மறைத்தேன். அம்மையார் சொன்னது உண்மை. நான் எழுதியது பொய். இப்படிக்கு, தெட்சிணாமூர்த்தி.'

கைதட்ட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். ஆறு ஆண்டு தாமதமாக வந்த உண்மைக்குக் கைதட்டல் ஒரு கேடா? தலைவர் அவர்களே, கையொப்பமிட்டிருக்கிறேன். பழைய காகிதத்தின்மேல் இதை ஒட்டிக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். திரைக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கும் தோட்டத்துப் பெயர்ப் பலகையில் என் பெயர் இருப்பதாகச் சொன்னார்கள். அழித்துவிடுங்கள். 'அப்படியானால் அந்த அம்மா பேரைப் போடலாமே' என்கிறார் ஒருவர். நல்ல எண்ணம்தான். ஆனால் அவரைக் கேட்காமல் எழுதாதீர்கள். அவரைக் கேட்காமல் அவர் வீட்டைப் பற்றி எழுதியது ஒருமுறை போதும்.

திறப்பு விழாவையும் தள்ளிவைக்க வேண்டுகிறேன். நாரத்தையும் அரளியும் ஆவாரையும் நடுவோம். புழு வரும், இலை ஓட்டையாகும். தெருப் பிள்ளைகள் அந்தப் புழுவைப் பயமில்லாமல் கிட்டே போய்ப் பார்க்கிற நாளில் தோட்டம் தானாகத் திறந்துகொள்ளும். நாடாவும் வேண்டாம், கத்தரிக்கோலும் வேண்டாம், என்னைப்போல் ஒருவனும் வேண்டாம்.

அஞ்சுகம் அம்மா, ஏன் எழுந்துவிட்டீர்கள்? பந்தலுக்கு வெளியே... அந்தப் பக்கமா போகிறீர்கள்? போங்கள் அம்மா. வழி விடுங்கள், அவருக்கு வழி விடுங்கள். பையனையும் அழைத்துக்கொண்டு போகிறார். கதவு திறக்குமா? எனக்குத் தெரியாது, அவையோரே. எனக்குத் திறந்தது என் தகுதிக்கு மிஞ்சியது. போன செடி திரும்ப வராது. பினாங்குக்குப் போய்வர நூகு இல்லை. சிமெண்டுத் தரைக்குக் கீழே வேர் இருக்குமா என்று கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை. செய்ய முடிந்தது ஒன்றுதான்: சொல்வது. அதைச் சொல்லவே எனக்கு ஆறு ஆண்டுகளாயின.

குறுக்கிடாமல் கேட்ட தலைவருக்கு என் நன்றி. பழைய கோப்பைத் தேடித் தந்த செயலாளருக்கு நன்றி. தம் பெயரைச் சொல்ல இடம் தந்த தாய்க்கு நன்றி. வெயிலில் நின்ற உங்களுக்கெல்லாம் என் தாழ்ந்த வணக்கம்.

மூன்றாம் வீட்டில் இருக்கும் மாண்புமிகு ஜொஹரா அம்மையார் அவர்களே! வெளியில் சொல்லிவிட்டேன். ஸலாம்.